சேலத்திலிருந்து கோல்ஃப் ஆட ஓர் அமைதியான தீவு: லங்காவியா, மொரிஷியஸா, இலங்கையா, பிந்தானா?

எந்தத் தீவில் மைதானம் அழகு என்று பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம், முடிவு வராது. சேலம், ஏற்காடு பக்கத்துக் கூட்டத்துக்கு முதல் கேள்வியே வேறு. எந்த மாதத்தில் நாலு பேர் ஒன்றாகக் கிளம்ப முடியும்? எஸ்டேட் வைத்திருப்பவரை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் மலையை விட்டு இறக்க முடியாது. காப்பிப் பழம் பறிக்கணும், களத்தில் காயணும், அதற்கு ஆளும் கிடைக்கணும். கொலுசுப் பட்டறை நடத்துகிறவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் போனையே எடுக்கமாட்டார். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் மார்ச்சில் பாதி போச்சு. மே வந்தால் ஏற்காட்டில் கோடை விழா, ரூம் வாடகைக்கு விடுகிறவருக்கு அதுதான் வருமானமே. எல்லாம் கழித்துப் பார்த்தால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை ஒரு வாய்ப்பு, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இன்னொன்று. இந்த இரண்டுக்கும் எந்தத் தீவு ஒத்துவரும் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மார்ச், ஏப்ரல் என்றால் நான் யோசிக்காமல் லங்காவி என்பேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே மழை குறைவு, ஏப்ரலில் மெதுவாக ஆரம்பிக்கும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்திருக்கிறது. காலக்கெடு வைத்து நீட்டிக்கிற சலுகை அது, அதனால் டிக்கெட் போடும் அன்று நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேராகப் போகலாம், சுமார் நாலு மணி நேரம், அங்கிருந்து லங்காவி இன்னும் ஒரு மணி நேரம். நம்மூரிலிருந்து திருச்சிக்கு நாமக்கல், முசிறி வழியாக 140 கிலோமீட்டர் சொச்சம். தொப்பூர் ஏறி, ஓசூர் தாண்டி, பெங்களூரு நெரிசலை முழுசாகக் குறுக்கே கடந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்கு இது எவ்வளவோ தேவலை, அதுவும் கோல்ஃப் பையோடு.

அங்கே ஆட வேண்டிய இடம் தெலுக் டத்தாயில் இருக்கும் எல்ஸ் கிளப். தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் எர்னி எல்ஸ் வடிவமைத்தது, 2014-ல் திறந்தார்கள். தீவின் வடமேற்கு மூலையில், ஒரு பக்கம் பழங்காலத்து மழைக்காடு, இன்னொரு பக்கம் அந்தமான் கடல். முழு மைதானத்திலும் ஒரு பங்கர், அதாவது மணல் குழி, கூடக் கிடையாது. அங்கே கொட்டுகிற மழைக்கு மணலைப் போட்டால் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும், பங்கரே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பங்கர் இல்லையே, ஸ்கோர் நன்றாக வரும் என்று நினைக்கிறவர் முதல் சில ஹோலிலேயே தெளிந்துவிடுவார், ஏனென்றால் ஃபேர்வேயை, அதாவது புல் வெட்டிய ஆட்டப் பாதையை, விட்டு நாலடி விலகின பந்து காட்டுக்குள் போனது போனதுதான், தேடப் போனால் பின்னால் வருகிற கூட்டம் காத்திருக்கும். அப்புறம் குரங்கு. பக்கியில் (மைதானத்துக் குட்டி வண்டியில்) வைத்த வாழைப்பழமோ பிஸ்கட் பாக்கெட்டோ நீங்கள் பட் அடித்துவிட்டுத் திரும்புவதற்குள் காணாமல் போகும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லங்காவியில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் வெளிச்சம். மலேசியக் கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆனால் தீவு நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் காலை ஏழே காலுக்கு மேல்தான் விடியும், மாலை ஏழரை வரை பந்து தெரியும். அதனால் ஆறு மணி டீ டைம் (ஆட்டம் தொடங்கப் பதிவு செய்கிற நேரம்) என்கிற நம்மூர்ப் பழக்கமெல்லாம் அங்கே செல்லாது. காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு ஒன்பது ஹோலும் ஆடலாம். டத்தாய் தவிர குனுங் ராயா, 99 ஈஸ்ட் என்று இன்னும் இரண்டு மைதானம் உண்டு. டத்தாயோடு ஒப்பிட வேண்டாம், செலவு குறைந்த சாதா ஆட்டத்துக்குப் போதும். மூன்று ரவுண்டு, நாலு இரவு என்றால் கணக்குச் சரியாக வரும், அதற்கு மேல் தங்கினால் கோல்ஃபுக்காகத் தங்கவில்லை என்று அர்த்தம்.

ஆடாதவர்களுக்கு மச்சின்சாங் மலை கேபிள் காரும், கிலிம் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணமும் இருக்கின்றன. 1987-லிருந்து வரியில்லாத் தீவு என்பதால் சாக்லேட்டும் மற்றதும் மலிவு, மற்றது எது என்று நம் ஆட்களுக்குத் தெரியும். அமைதி வேண்டுமென்றால் பந்தாய் செனாங் கடற்கரையில் தங்காதீர்கள், அங்கேதான் கூட்டம். ஜூலை, ஆகஸ்டில் லங்காவி ஓட்டல்கள் சலுகை விலை காட்டிக் கூப்பிடும். செப்டம்பர், அக்டோபரில் இன்னும் இறங்கும். விலை இறங்கியதற்குக் காரணம் மேலே வானத்தில் இருக்கிறது.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் முடியும் என்கிறவர்கள் மொரிஷியஸைப் பாருங்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் நமக்கு ஆடி வெயில் அடிக்கும்போது அங்கே குளிர்காலம், மழை குறைவு, பகலில் இருபத்து சொச்சம் டிகிரி. நடந்தே பதினெட்டு ஹோல் ஆடலாம், சட்டை நனையாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் காலம், அப்போது வேண்டாம். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் சும்மா விடாது, நல்ல மைதானங்களில் பாதி அந்தக் கரையில்தான் இருக்கின்றன. காலையிலேயே ஆடிவிடுவது நல்லது. அங்கே வெளிச்சமும் சிக்கனம், ஜூனில் மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும்.

நாலு தீவையும் வரிசைப்படுத்தச் சொன்னால், கோல்ஃபை மட்டும் வைத்துப் பார்த்தால், மொரிஷியஸ்தான் முதலிடம். இல் ஓ செர்ஃப் தனியாக ஒரு குட்டித் தீவு, துரு தோ தூஸ் கிராமத்திலிருந்து படகேறி மைதானத்துக்குப் போக வேண்டும். பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்து 2003-ல் திறந்தது. பல ஹோல்களில் பந்து தண்ணீரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், தாண்டாத பந்து காயலுக்கோ அலையாத்திக்கோ சொந்தம். புதுப் பந்து டப்பாவைப் பெருமைக்காக எடுத்துப் போகாதீர்கள். பழைய பந்துகளை டஜன் கணக்கில் பொறுக்கி வைத்துக்கொண்டு போங்கள். அதே கிழக்குப் பக்கம் எர்னி எல்ஸ் வடிவமைத்த அனாஹிதா, பெல் மாரில் லெஜண்ட், லிங்க்ஸ் என்று இரண்டு. தெற்கே பெல் ஓம்பரில் ஹெரிடேஜ் மைதானமும், அதன் பக்கத்திலேயே லூயி ஊஸ்தைசனும் பீட்டர் மட்கோவிச்சும் சேர்ந்து வடிவமைத்து 2023-ல் திறந்த லா ரிசெர்வ் லிங்க்ஸும். வாக்குவாவில் ஆங்கிலேயர் காலத்து ஜிம்கானா கிளப் இருக்கிறது; 1844-ல் தொடங்கியதாகச் சொல்வார்கள், 1829-ல் தொடங்கிய கல்கத்தா கோல்ஃப் கிளப்புக்குப் பிறகு பதினைந்து வருஷம்தான். இரண்டு ஊரில் தங்கி ஏழு நாளில் ஐந்து மைதானம் பார்த்துவிடலாம், எங்கேயும் அரை நாள் காரில் போகாது.

நமக்கு இன்னொரு ஈர்ப்பும் அங்கே உண்டு. மொரிஷியஸ் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். 1998-ல் புது நோட்டில் இந்தியை மேலே, தமிழைக் கீழே போட்டு அச்சடித்தபோது அங்குள்ள தமிழர்கள் போராடி, அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்றது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. ஆனால் கோல்ஃப் பை தூக்கி வருகிற கேடியிடம் தமிழில் பேசலாம் என்று நினைக்காதீர்கள். பெயர் நம் பெயர் மாதிரியே இருக்கும், பேச்சு கிரியோல்.

விசா வேண்டாம், அது ஒரு நிம்மதி. நிம்மதி அத்தோடு முடிந்தது. மும்பையிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல், அதற்கு முன்னால் மும்பைக்குப் போய்ச் சேர வேண்டும், பெங்களூரு வழியோ சென்னை வழியோ. டிக்கெட், ஓட்டல், கிரீன் ஃபீஸ் (மைதானத்தில் ஆடும் கட்டணம்) எல்லாம் கூட்டினால் செலவில் நாலில் இதுதான் முதல். ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: சில ஓட்டல்களில் தங்கினால் கிரீன் ஃபீஸ் ரூம் கட்டணத்திலேயே அடங்கிவிடும், அப்போது ரூம் விலை அதிகம் மாதிரி தெரிந்தாலும் மொத்தத்தில் லாபம். வடக்கே கிராண்ட் பே பக்கம் கடைவீதிக் கூட்டம், அமைதிக்கு பெல் ஓம்பர்தான். ஐந்து நாளுக்குக் குறைவாக என்றால் மொரிஷியஸ் வேண்டவே வேண்டாம், போகிற வருகிற களைப்புக்கே சரியாகிவிடும்.

இலங்கையை எதற்குச் சேர்த்தேன் என்றால் பணத்துக்காக. திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரம், மின்னணு அனுமதி ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம், மைதானச் செலவும் இங்கேதான் கையைக் கடிக்காது. 1879-ல் தொடங்கிய ராயல் கொழும்பு கிளப்பில் மைதானத்துக்குக் குறுக்கே களனிவெளி ரயில் பாதை போகிறது. முதல் அடி அடிக்கிற டீ மேடையில் நின்று மட்டையை ஓங்கும்போது ரயில் சத்தம் கேட்டால் இறக்கிவிட்டு நிற்க வேண்டும், பெட்டி நிறைய ஆபீஸ் போகிறவர்கள் உங்களையே பார்த்துக்கொண்டு போவார்கள், அது போன பிறகு அடிக்கிற அடி பெரும்பாலும் நேராகப் போகாது. கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த மைதானம் இருக்கிறது, 1999-ல் திறந்தது. இலங்கையில் ஒரே ஒரு ரவுண்டுதான் ஆட முடியும் என்றால் அங்கே ஆடுங்கள்.

நுவரெலியா விஷயத்தில் எனக்கும் நண்பர்களுக்கும் ஒத்துப்போகாது. 1889-ல் தொடங்கிய கிளப், 1,868 மீட்டர் உயரம், ஊருக்கு நடுவிலேயே மைதானம், சுற்றிலும் தேயிலைச் சீமை, தமிழ் பேசுகிற கேடி கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. மலையகத்துக்குப் போன குடும்பங்களில் பழைய சேலம் ஜில்லாவிலிருந்து போனவையும் உண்டு. எனக்கு அதுவே போதும். ஆனால் ஏற்காட்டு நண்பர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "ஏங்கண்ணா, இருபது கொண்டை ஊசி இறங்கி, கடல் தாண்டிப் போயி, மறுபடியும் ஸ்வெட்டர் போடறதுக்கா?" அதோடு நமக்கு வாய்க்கிற ஏப்ரல்தான் அங்கே சீசன். புத்தாண்டு விடுமுறைக்கு நாடே மலையேறும், ரூம் விலையும் கூடவே ஏறும்.

ஜூன், ஜூலை என்றால் மேற்கில் பருவமழை, ஆனால் தென்கிழக்கில் அம்பாந்தோட்டை காய்ந்து கிடக்கும். கடலோரத்தில் ஷாங்ரி-லா மைதானம் இருக்கிறது, காற்றுக்குத் தயாராகப் போனால் நல்ல ஆட்டம். இலங்கையின் ஒரே குறை தூரம். மைதானத்துக்கு மைதானம் வேனில் அரை நாள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து போய்ச் சேர்ந்தால் டிரைவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். அமைதியான தீவு என்கிற நிபந்தனையில் இலங்கை தோற்றுவிடும்.

பிந்தான் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்தோனேசியத் தீவு, சிங்கப்பூர் தானா மேரா படகுத்துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். கேரி பிளேயர் வடிவமைத்த ரியா பிந்தானில் கடலோரப் பதினெட்டும் காட்டோர ஒன்பதும், கிரெக் நார்மன் வடிவமைத்த லகூனாவில் இன்னொரு பதினெட்டும். இரண்டுமே தரமானவை, வார நாளில் போனால் ஆளே இருக்காது. சிக்கல் காகிதத்தில்தான். இந்தோனேசியாவுக்கு இறங்கும்போது 5,00,000 ரூப்பியா கட்டி விசா, சிங்கப்பூருக்குத் தனி விசா, அதிலும் திரும்ப நுழைகிறோம் என்பதால் பலமுறை நுழைவு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படகு நேரத்திலும் கவனம், பிந்தான் கடிகாரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். மகனோ மகளோ சிங்கப்பூரில் இருந்து, எப்படியும் போகிறோம் என்கிறவர்கள் இரண்டு இரவு சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகவே கிளம்ப வேண்டாம். மாலத்தீவு ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள். முழுப் பதினெட்டு ஹோல் மைதானத்துக்கு அங்கே மணல் திட்டு பத்தாது.

எங்கே போனாலும் பொருந்துகிற சில விஷயம். நம்மில் பலர் ஆடிப் பழகியது பெங்களூரில், அது 900 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் காற்று அடர்த்தி, பந்து அவ்வளவு தூரம் போகாது, பெங்களூரில் 150 கெஜத்துக்கு எடுக்கிற அயர்ன் மட்டையில் அடித்த பந்து தீவில் அதற்கு முன்னாலேயே விழும். ஒரு கிளப் கூட்டி, அதாவது ஒரு படி அதிக தூரம் அடிக்கிற மட்டையை, எடுங்கள். நுவரெலியாவில் இது தலைகீழ். குறைந்த கட்டண விமானங்களில் கோல்ஃப் பைக்குத் தனிக் கட்டணம், டிக்கெட்டோடு சேர்த்தே போட்டுவிட வேண்டும், கவுண்டரில் போய்ச் சொன்னால் கேட்கிற தொகையில் வாடகை செட்டே எடுத்திருக்கலாம் என்று தோன்றும். இடது கைக்காரர் மட்டும் வாடகை செட்டை நம்பாதீர்கள். பையை அனுப்பும்போது டிரைவர் மட்டையின் தலையைக் கழற்றி சாக்ஸுக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள், மற்ற கிளப் தலைகளைச் சுற்றித் துண்டு. தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டரின் லித்தியம் பேட்டரி உதிரியாக இருந்தால் கைப்பையில்தான் போக வேண்டும்.

டீ டைமை முதலில் பிடியுங்கள், டிக்கெட்டை அப்புறம் போடுங்கள். நாலு பேர் தேதி ஒத்துவந்த அன்றே டத்தாய்க்கோ இல் ஓ செர்ஃபுக்கோ மெயில் போட்டு, ஹேண்டிகேப் சான்று (ஆட்டத் தரத்தைக் காட்டுகிற சான்று) கேட்கிறார்களா, மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.