டெபோரா, கசாண்ட்ரா, சிபில்: மகளுக்கு ஏன் சிபில் என்று வைத்தோம்?

மகள் பிறந்தபோது மூன்று பெயர்கள் எங்கள் கையில் இருந்தன. மூன்றுமே, வரப்போவதைச் சொன்ன பெண்களின் பெயர்கள். கடைசியில் சிபில் என்று வைத்தோம். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

டெபோராவில் குறையே இல்லை. விவிலியத்தில், பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து இஸ்ரயேலருக்கு நீதி சொன்ன இறைவாக்கினர். எங்கள் கோயிலிலேயே மூன்று டெபோராக்கள் இருப்பதால் விட்டுவிட்டோம்.

கசாண்ட்ரா காதுக்கு இனிமை. ஆனால் பாட்டி வாயில் அது ‘கசந்தரா’ ஆகிவிட்டது. “பிள்ளை பேருல கசப்பு எதுக்கும்மா?” என்றார். எனக்கு அதைவிடக் கதைதான் உறுத்தியது. கிரேக்கப் புராணத்தில் டிராய் நகர அரசன் பிரியமின் மகள் அவள். நடக்கப்போவதைக் காணும் வரம் தந்த அப்போலோ தெய்வம், தன்னை மறுத்தாள் என்று அவள் பேச்சை யாரும் நம்பாதபடி சபித்துவிட்டான். எதிரிகள் ஒளிந்திருந்த மரக்குதிரை வந்தபோதும் ஊர் அவள் சொல்லைக் கேட்கவில்லை.

எங்களுக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு கேள்விதான்: அவள் சொன்னதை ஊர் மதித்ததா?

சிபில் முதலில் ஒருத்தியின் பெயர் அல்ல. கிரேக்க, ரோம உலகில் குறி சொன்ன பெண்களுக்கான பொதுப்பெயர். ரோமானியக் கதை ஒன்றில், சிபிலான ஒரு கிழவி தன் குறிகள் எழுதிய ஒன்பது சுருள்களை அரசன் டார்க்வினிடம் விற்க வருகிறாள். விலை அதிகம் என்று அவன் மறுக்க, மூன்றை எரித்துவிட்டு அதே விலை கேட்கிறாள். மறுபடியும் மறுக்க, இன்னும் மூன்று தீயில் போகின்றன. மிஞ்சிய மூன்றை அவன் முழு விலைக்கே வாங்குகிறான். கி.மு. 83இல் அவற்றை வைத்திருந்த கோயிலோடு தீயில் எரியும்வரை, ஆபத்து வந்தபோதெல்லாம் ரோம் அந்தச் சுருள்களைத்தான் புரட்டியது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ ஏழு இறைவாக்கினரோடு ஐந்து சிபில்களையும் வரைந்திருக்கிறார்.

மலேசியாவில் ஈப்போக்காரர்களான எங்களுக்கு இன்னொரு சிபிலும் உண்டு, சிபில் கார்த்திகேசு. ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் பக்கத்து ஊரான பாப்பானில் கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்த தாதி. பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948இல் இறந்தார். அவர் பெயரில் இங்கே ஒரு சாலை இருக்கிறது.

தொல்லை எழுத்துக்கூட்டலில்தான். தமிழில் மூன்றே எழுத்து. ஆங்கிலத்தில் ‘ஐ’ முன்னாலா, ‘ஒய்’ முன்னாலா என்று கிளினிக்கிலிருந்து பாலர் பள்ளிவரை கேட்கிறார்கள். கார்த்திகேசு அம்மாவைப் போல ‘ஒய்’யை முன்னால் வைத்தோம். அவளுக்கு நான்கு வயதுதான் ஆகிறது. பெரிய பள்ளியில் இது எவ்வளவு தொந்தரவாகும் என்று இப்போதே சொல்ல முடியாது. வீட்டில் அவள் சிப்பி.