இடது கற்றைக் கிளைக்கு எந்த லீட்: உள்துளை அற்றதா, ஸ்டைலெட் செருகுவதா?

இதயமுடுக்கியிலிருந்து (பேஸ்மேக்கர்) இதயத்துக்கு மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் மெல்லிய வடமே லீட். வலது கீழறையின் நுனியில் பொருத்தப்படும் வழக்கமான லீட் துடிப்பைத் தவறாமல் எழுப்பினாலும், மின்தூண்டல் தசைவழியே மெதுவாகப் பரவுவதால் இடது கீழறை பிந்திச் சுருங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படித் துடிக்கும் சிலரின் இதயம் தளர்ந்துபோகிறது. இதற்கு மாற்றாக, இதயத்தின் இயற்கையான மின்கடத்துப் பாதையையே பயன்படுத்தி, 2000இல் அதன் தண்டான ஹிஸ் கற்றையையும், 2017இல் கீழறைகளுக்கு நடுவேயுள்ள இடைச்சுவரைத் துளைத்து, அத்தண்டிலிருந்து இடது கீழறைக்குப் பிரியும் இடது கற்றைக் கிளையையும் தூண்டும் முறைகள் வெளியாயின. பின்னதற்குக் குறைந்த மின்னழுத்தமே போதும் என்பதால் இன்று அதுவே பரவலாக இருக்கிறது. அதைச் செய்ய இருவகை லீடுகள் உள்ளன.

உள்துளை அற்ற லீடுக்கு மெட்ரானிக் நிறுவனத்தின் 3830 நல்ல எடுத்துக்காட்டு. 4.1 பிரெஞ்சு, அதாவது சுமார் 1.4 மி.மீ. தடிமன், 1.8 மி.மீ. நீளத் திருகுமுனை எப்போதும் வெளியே நீட்டியே இருக்கும். உள்ளே விறைப்பான கம்பி கிடையாது என்பதால் வளைந்த உறைக்குழாய்தான் அதற்கு முதுகெலும்பு. விரலால் லீடைச் சுழற்றினால் உடலும் முனையும் ஒன்றாகவே திரும்பும்.

ஸ்டைலெட் வகையில் லீடின் நடுவேயுள்ள துளையில் ஸ்டைலெட் எனும் மெல்லிய எஃகுக் கம்பி செல்வதால் தள்ளும் வலு கூடுகிறது. ஆனால் திருகுமுனை உள்ளிழுக்கக்கூடியது. இடைச்சுவருக்குள் லீடைச் சுழற்றும்போது அது பின்வாங்கிவிடக்கூடும். ஆகவே திருகுமுனையை இயக்கும் பின்முனையை முன்கூட்டியே சில சுற்றுகள் கூடுதலாக முறுக்கி இறுக்கிப் பிடிக்க வேண்டும். பழகாத கைக்கு இது தொல்லை.

அதற்கு ஈடாக ஒரு வசதி கிடைக்கிறது: முறுக்கிக்கொண்டே தொடர்ந்து தூண்டிப் பார்க்கலாம். ஈ.சி.ஜி.யின் வி1 (மார்பு மின்முனைகளில் ஒன்று) பதிவில், முனை இடப்பக்கத்தை நெருங்குவதன் அறிகுறியாக, 'டபிள்யூ' வடிவத்தின் நடுக்கூம்பு மெல்ல அலையின் முடிவை நோக்கி நகர்ந்து, இறுதியில் கடைசி அலையாக எழுவதைச் சுற்றுக்குச் சுற்று காணலாம். மின்மறிப்பு (மின்னோட்டத்துக்கான தடை) திடீரெனச் சரிந்தால், முனை சுவரைத் தாண்டி இடது அறைக்குள் போய்விட்டதோ என்று அங்கேயே நிறுத்தலாம். உள்துளை அற்ற லீடில், தனி இணைப்பான் இல்லையென்றால், சோதனை வடத்தின் கவ்வியை மாட்டிப் பார், கழற்று, மறுபடி முறுக்கு என்றுதான் போக வேண்டும்.

ஆயுளைப் பார்த்தால் என் சாய்வு உள்துளை அற்ற மெல்லிய லீடின் பக்கமே. இடைச்சுவருக்குள் நுழையும் இடத்தில் லீடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை வளைகிறது. அவ்விடத்தில் மின்கடத்தி முறிந்த நிகழ்வுகள் ஸ்டைலெட் வகையில் பதிவாகியுள்ளன. இளம் வயதினருக்கு இது சிறிய விஷயமன்று. லீடை அகற்ற நேர்ந்தால் நிலைமை வேறு: உள்துளை இல்லாததில், லீடை உள்ளிருந்து பற்றி இழுக்க உதவும் பூட்டும் ஸ்டைலெட்டைச் செருக முடியாது, அதன் உள்வடத்தின் இழுவலிமையை நம்பியே இழுக்க வேண்டும், சுவருக்குள் இருபது ஆண்டுகள் புதைந்திருந்த ஒன்றை இழுத்த அனுபவமோ எவ்வகை லீடிலும் இன்னும் எவருக்கும் வாய்க்கவில்லை.