சோழமண்டலத்தில் படம் வாங்கப் போகிறவர்களுக்கு

'மழை', 'பெண்', 'இயற்கை' என்று ஒரே ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்து, முப்பது படங்களை வரிசையாக மாட்டிவிடும் விற்பனைக் காட்சிகள் இப்போது பெருகிவிட்டன. பல வருட உழைப்பில் கை பழகியவர் வரைந்ததும், நேற்று தூரிகை எடுத்தவர் வரைந்ததும் பக்கம் பக்கமாகத் தொங்கும். இரண்டிலும் மழை பெய்கிறது என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு உறவு இருக்காது. சோபாவுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டு வந்தவர், அதே யோசனையோடு வீடு திரும்புவார்.

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை (ஈசிஆர்) ஒட்டியிருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்தில் அப்படி நேராது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் சகாக்களோடும் சேர்ந்து 1966-இல் தொடங்கிய இடம் இது. பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசில் ஓவியர்களே நிலம் வாங்கினார்கள். 2009-இல் திறந்த கலை மையத்தில் மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான (பணிக்கர் போன்றோர் இங்கே வளர்த்த நவீனக் கலைப் போக்கு) அருங்காட்சியகமும், லேபர்னம், இண்டிகோ என்ற இரண்டு காட்சிக் கூடங்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் இருப்பது நிரந்தரத் தொகுப்பு. கூடங்களில் விற்பனைக்கான காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். வாங்குகிறவருக்கு இந்த அமைப்பு பெரிய வசதி. முதல் ஒரு மணி நேரத்தை அருங்காட்சியகத்தில் செலவிடுங்கள், கூடத்துக்குப் பிறகு போகலாம். வரிசையை மாற்றினால் பாதிப் பயன் போய்விடும்.

அருங்காட்சியகத் தொகுப்பைக் கட்டி நிறுத்துவது கோடு. பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்து மாதிரி தெரிவதைப் படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் போல, கணக்கு நோட்டு போலக் கோடுகள் பரவிக் கிடக்கும். இதே இயக்கத்தின் ஓவியர் சுல்தான் அலியிடம் அதே எழுத்து பழங்குடித் தெய்வங்களைச் சுற்றி ஊரும். ராமானுஜம் மசியில் நுணுக்கி நுணுக்கிக் கனவு மாளிகைகளை எழுப்பியிருக்கிறார். ஹரிதாசனிடம் கோடு வழிபாட்டு யந்திரத்தின் வடிவக் கட்டமாக இறுகுகிறது. ஜானகிராம், நந்தகோபால், வாசுதேவ் ஆகியோரிடம் வந்தபோது கோடு காகிதத்தை விட்டு உலோகத்துக்கு ஏறிவிட்டது. ஒரு தொகுப்புக்குத் தலைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்: ஒருவர் செய்ததை இன்னொருவர் எப்படி எடுத்துக்கொண்டார், எங்கே மறுத்தார் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உலோகப் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். ஜானகிராமின் சிற்பத்தை நேர் எதிரே நின்று பார்த்தால் முழு உருவமாகத் தெரியும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் அது தகடுதான் என்று புரியும். மூலவருக்குச் சாத்தும் கவசம் நினைவுக்கு வரும். கோயிலில் பார்த்துப் பழகிய அந்த முன்பக்கப் பார்வையைத்தான் இவர்கள் நவீனச் சிற்பத்துக்குக் கொண்டுவந்தார்கள். தகட்டின் மேல் பற்றவைத்த கம்பிதான் இமை, அதுவே நகை, அதுவே ஆடையின் கரை. கம்பி தகட்டில் சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள் (தொடாமல்). கோடு எங்கே தடிக்கிறது, எங்கே தேய்ந்து முடிகிறது என்பதைக் கலைஞர் முன்கூட்டியே முடிவு செய்திருப்பது தெரியும். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விற்பனைக் கூடத்தில் வெறும் அலங்காரத்துக்காகக் கம்பி ஒட்டியிருப்பதைப் பிரித்தறிய அதிக நேரம் ஆகாது.

கூடங்களின் தரம் சீராக இருக்காது. காட்சிக்குக் காட்சி ஓவியர்களும் தேர்வாளர்களும் மாறுவதால், ஒரு வாரம் அருமையாகவும் மறு வாரம் சுமாராகவும் இருக்கலாம். இதை எதிர்பார்த்தே போக வேண்டும். ஆனால் வாங்கும்போது கேட்க வேண்டியவை எந்தக் காட்சிக்கும் பொது.

செம்புத் தகட்டுப் புடைப்பு வேலை என்றால் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பற்றவைத்த இடங்களில் பொடிந்த பச்சை தெரிந்தால், பற்றுவைக்கப் பயன்படுத்திய ரசாயனத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். சென்னையின் உப்புக்காற்றில் அந்த இடத்திலிருந்துதான் களிம்பு பரவும். மேற்பரப்பின் கருமையும் பழுப்பும் கலைஞர் வேண்டுமென்றே ஏற்றிய நிறம். அழுக்கு என்று நினைத்து வீட்டில் புளி போட்டுத் தேய்த்தாலோ பித்தளை பாலிஷ் போட்டாலோ அந்த நிறம் போனது போனதுதான், திரும்ப வராது. உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். மேலே லேக்கர் (காய்ந்ததும் கெட்டியாகும் பாதுகாப்புப் பூச்சு) பூசியிருக்கிறதா, மெழுகா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி பூச வேண்டி வரும்போது அது தெரியாமல் எவரும் கைவைக்க முடியாது.

காகிதத்தில் மசி ஓவியம் என்றால் ஆபத்து ஃப்ரேமில்தான் இருக்கிறது. காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருக்கக் கூடாது. நடுவே மவுன்ட் அட்டை கொடுத்துச் சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் ஈரக் காலத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மசியும் சேர்ந்து வரும். மவுன்ட் அட்டை அமிலமற்றதா என்று கேளுங்கள். சாதா அட்டை நாளடைவில் ஓவியத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், மாவுப்பசையும் மெல்லிய ஜப்பானியக் காகிதமும்தான் முறை. அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீடுகளில் இது சாதாரணம். வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டி, ஃப்ரேமின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டிவிட்டால் பின்னால் காற்று போகும். எந்த மசி என்பதையும் கேட்க வேண்டும். கரி மசி நிறம் மங்காது, ஃபெல்ட் பேனா ஒளி பட்டால் மங்கும்.

அச்சுப் படைப்புகளில்தான் ஏமாற்றம் அதிகம். அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து எடுத்த எச்சிங் என்றால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடம் இருக்கும். கீழே பென்சிலில் 12/50 போல (ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது) எண்ணும் கையெழுத்தும் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கும்போது நுண்ணிய வண்ணப் புள்ளிகள் சிதறித் தெரிந்தால் அது கணினி அச்சு. கணினி அச்சு வாங்குவது தவறில்லை, அதற்கு எச்சிங் விலை கொடுப்பதுதான் தவறு.

அக்ரிலிக் ஓவியத்தை எடுத்துப் போகும்போது பபிள் ராப்பை நேரடியாகச் சுற்ற விடாதீர்கள். காரின் உள்ளே வெயில் ஏறினால் அக்ரிலிக் இளகி, குமிழ்களின் வட்டத் தடம் படத்தில் பதிந்துவிடும். முதலில் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), அதன் மேல் பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். எண்ணெய் ஓவியம் சமீபத்தில் முடித்தது என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. தடித்த சாயம் முழுதாகக் காய்ந்து வார்னிஷ் பூசும் நிலைக்கு வர 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகலாம்.

பில்லில் தலைப்பு, ஊடகம், உயரம், அகலம், ஆண்டு ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஓவியங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தில் விலைப்பட்டியல் ஒட்டியிருந்தால் கேளுங்கள். ஓவியத்தை வாங்கியதால் அதை அச்சிட்டு விற்கும் உரிமை வந்துவிடாது, எழுதித் தராத வரை அது ஓவியருடையது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்தால் அதில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு கேட்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு தருகிறது. அதிகபட்சம் 10 சதவீதம். சட்டம் இப்படி இருந்தும் இதைச் சொல்லி விற்பவர்கள் குறைவு. ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கிக் கட்டிய இந்த ஊரிலாவது ஒவ்வொரு பில்லின் பின்னாலும் இதை அச்சிட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

உலோக வேலையை வீட்டில் மாட்ட ஆணி போதாது. எடையைக் கேட்டுக்கொண்டு, இரண்டு இடத்தில் துளையிட்டுப் பிளக் வைத்துத் திருகு போடுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரணப் பிளக் நிற்காது, அதற்கென்று விரியும் பிளக் தனியாகக் கிடைக்கிறது. கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் திருகும் கொக்கியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இரும்பு துருப்பிடித்தால் செம்பின் மேல் ஒழுகிக் கறை விழும்.