நான்கு டியூப்களில் மங்கிய நிறங்கள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் நான்கு நிறத் தொகுப்பைக் கொண்டே பல ஆண்டுகளாக எண்ணெய் வண்ணத்தில் அசையாப் பொருள்களை வரைந்து வருகிறேன். மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் சிவப்பு, ஐவரி பிளாக், டைட்டானியம் வெள்ளை ஆகியவையே அந்நான்கும். சோர்ன் காலத்தில் சிவப்புக்கு வெர்மிலியனும் வெள்ளைக்கு ஈய வெள்ளையும் இருந்தன.

இத்தொகுப்பின் உயிர் அந்தக் கறுப்பில் இருக்கிறது. ஐவரி பிளாக்கோடு வெள்ளையைக் கலந்தால் குளிர்ந்த சாம்பல் நிறம் கிடைக்கிறது. பக்கத்தில் ஓக்கரோ சிவப்போ இருந்துவிட்டால் அந்தச் சாம்பல் கண்ணுக்கு நீலமாகவே படும். அதே கறுப்பை ஓக்கரில் சேர்த்தால் ஆழ்ந்த ஆலிவ் பச்சை வருகிறது. ஜன்னலோரம் வைத்த பித்தளைச் செம்பின் நிழற்பக்கத்தை அந்தப் பச்சையால் நிரப்பி, ஈரம் காயும் முன்பே விளிம்பில் சிவப்பு கலந்த ஓக்கரை இழுத்து, ஒளி படும் இடத்தில் மட்டும் ஓக்கர் துளி சேர்த்த கெட்டியான வெள்ளையைக் கத்தியால் அழுத்தி வைத்தால், பளிச்சென்ற மஞ்சள் ஏதும் இல்லாமலே உலோகம் மின்னுகிறது. நிறம் அடங்க அடங்க, ஒளிநிழலின் ஏற்ற இறக்கமும் தூரிகையின் வேகமும் முன்னே வந்து நிற்கின்றன. இத்தாலியின் பொலோன்யா நகரில் வாழ்ந்த ஜார்ஜோ மொராண்டி (1890–1964) சில பாட்டில்களையும் ஜாடிகளையும் மங்கிய நிறங்களில் திரும்பத் திரும்ப வரைந்தே எவ்வளவு சொல்லிவிட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குறைகளும் உண்டு. கத்தரிக்காயின் ஊதா இந்நான்கில் வராது; பழுப்பேறிய சாம்பலோடு நின்றுவிடும். அதற்கு நீலம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை, சோர்னே தம் கடற்காட்சிகளில் நீலத்தைப் பயன்படுத்தியவர்தான். டைட்டானியம் வெள்ளை வலிமையானது. சற்றே கூடினாலும் கலவை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடுவதால், ஒளியைக் கூட்ட முதலில் ஓக்கரையே நாடுகிறேன்.

ஐவரி பிளாக் எண்ணெயை நிறைய உறிஞ்சும், மெதுவாகவே காயும். அதை அடிப்பூச்சாக இட்டு மேலே விரைவில் காயும் வண்ணத்தைப் பூசினால் நாளடைவில் வெடிப்பு விழக்கூடும். ஆகவே அடிப்பூச்சுக்கு மட்டும், மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும் அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக்கொள்கிறேன். லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் மேற்பூச்சுகளில்தான் சேரும்.

புதிதாக வாங்குவோர் வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்கலாம். மற்ற மூன்றும் சேர்ந்து தீர்வதைவிட அது விரைவாகத் தீர்ந்துவிடும்.