புது ஹார்ட் டிஸ்க் என்று விற்றார்கள், ஏற்கெனவே ஓடியிருந்தது 21 ஆயிரம் மணி நேரம்

வீட்டில் படம் பார்க்க நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து எல்லாக் கருவிக்கும் பகிரும் டிஸ்க் பெட்டி) வாங்கப் போகிறவர்கள், பெட்டியும் டிஸ்க்கும் சேர்த்து "ஃபுல் செட்" என்று விற்கும் ஆன்லைன் கடைகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். கோவையில் ஒரு வீட்டுக்கு அப்படி விற்கப்பட்ட செட் இது: சினாலஜி டிஎஸ்923 ப்ளஸ் நாஸ் பெட்டி ஒன்று, சீகேட் எக்ஸோஸ் 16 டிபி டிஸ்க் இரண்டு. டிஸ்க் புத்தம் புதுசு என்றும், 4கே படம் எந்த டிவியிலும் தடங்கலில்லாமல் ஓடும் என்றும் கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. இரண்டுமே பொய்.

முதலில் டிஸ்க். கவர், சீல், ஸ்டிக்கர் எல்லாம் கச்சிதம். நாஸில் போட்டு ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு) திறந்தால் ஓடிய நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த எண்ணை அழித்து மறுபடி பூஜ்யமாக்கிவிட முடியும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸ என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வெளிக்கொண்டுவந்தது இதே தில்லுமுல்லைத்தான். பெரிய டேட்டா கூடங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகள் கணக்கு அழிக்கப்பட்டு, புதியவை என்ற பெயரில் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. டிஸ்க் இடத்தைக் கொண்டு ஈட்டப்படும் சியா என்ற கிரிப்டோ காசுக்காக ஓடியவை என்ற சந்தேகம் வலுவாக இருந்தது.

சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்று இன்னொரு உள்பதிவு உண்டு. ஸ்மார்ட்டை அழித்தவர்கள் பல டிஸ்க்குகளில் இதைத் தொடாமல் விட்டிருந்தார்கள். படிக்கும் வழி: டிஸ்க்கை லினக்ஸ் கம்ப்யூட்டரின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். யூஎஸ்பி கேஸ் வழியாகப் போனால் பல நேரம் இந்தப் பதிவு வராது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் 'எல்' தெரிவுக்கு 'ஃபார்ம்' என்று கொடுங்கள் (smartctl -l farm, அடுத்து டிஸ்க்கின் பெயர்). அதில் வரும் பவர் ஆன் நேரத்தை, ஸ்மார்ட் பட்டியலின் 9ஆம் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓரிரு மணி வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்தச் செட்டில் ஸ்மார்ட் காட்டியது ஒற்றை இலக்கம், ஃபார்ம் காட்டியது 21 ஆயிரத்துக்கு மேல். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினால் இரண்டு வருஷத்தையும் தாண்டும் கணக்கு.

ஃபார்ம் சுத்தமாக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள், அதையும் மாற்றத் துணிந்தவர்கள் இருக்கிறார்கள். டபிள்யூடி, தோஷிபா டிஸ்க்கில் இந்தப் பதிவே கிடையாது. சாட்டா முனையின் தங்கநிறப் பட்டைகளில் கீறல், திருகு துளைகளில் தேய்மானம் தெரிகிறதா பாருங்கள். லேபிளில் உள்ள சீரியல் எண்ணும் டிஸ்க் தானாகச் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சர்வர் கம்பெனிக்குப் போன ஓஇஎம் சரக்கு என்று வந்தால், கடைக்காரர் சொல்லும் ஐந்து வருஷ வாரண்டி வாய்வார்த்தைதான். ரீசர்ட்டிஃபைடு டிஸ்க்கை (திரும்பி வந்ததைச் சோதித்து மறுபடி விற்பது) அப்படியே சொல்லி, விலையும் குறைத்து விற்றால் அதில் குற்றமில்லை. சினிமா வைக்க அதுவே போதும்.

அடுத்தது பெட்டி. டிஎஸ்923 ப்ளஸ்ஸில் இருப்பது ஏஎம்டி ரைசன் ஆர்1600. அதில் கிராஃபிக்ஸ் பகுதியே இல்லை. படக் கோப்பை டிவி அப்படியே வாங்கி ஓட்டும்வரை இந்தக் குறை தெரியாது. புளூ-ரேயில் வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் பட வடிவில் இருக்கும். டிவி ஆப் அதை ஏற்காவிட்டால் நாஸ்தான் ஒவ்வொரு பிரேமிலும் எழுத்தைப் பதித்து, வீடியோவையே திரும்ப என்கோட் செய்ய வேண்டும். ஹெச்இவிசி முறையில் சுருக்கிய 4கே கோப்பில் இந்த இரண்டு கோர் சிபியு மூச்சுத் திணறி, படம் நின்று நின்று ஓடும். டிடிஎஸ் ஒலியை மாற்றுவது அவ்வளவு பெரிய சுமை இல்லை. அதே கம்பெனியின் டிஎஸ்423 ப்ளஸ்ஸில் இன்டெல் செலரான் ஜே4125, அதில் குவிக் சிங்க் (வீடியோவை மாற்றித் தரும் தனிப் பகுதி) உண்டு. ஆனால் நாஸிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் மென்பொருள்களில், பிளெக்ஸில் அதைப் பயன்படுத்தப் பிளெக்ஸ் பாஸுக்குக் காசு கட்ட வேண்டும், ஜெல்லிஃபின்னில் இலவசம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். இன்டெல் என்100 மினி பிசி ஒன்றில் ஜெல்லிஃபின் போட்டு, நாஸைக் கோப்பு வைக்க மட்டும் விடுங்கள். செலவே வேண்டாம் என்றால் பிஜிஎஸ்ஸுக்குப் பதில் வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி சப்டைட்டில். அதன் பிறகும் படம் திக்கினால் டிவியின் லேன் போர்ட்டைச் சந்தேகியுங்கள். பல டிவிகளில் அது 100 எம்பிபிஎஸ்தான். 4கே புளூ-ரே கோப்பு சில காட்சிகளில் அதைத் தாண்டும், அப்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடை சொன்னது: "சீல் உடைச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது." பில்லில் சீரியல் எண் இல்லாதது அவர்களுக்குத் தோதாகிவிட்டது, "இது நாங்க கொடுத்த டிஸ்க்கே இல்ல" என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே பணம் கட்டும் முன்பே ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியலும் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு வார்த்தையை மாற்றிவிடுவார்கள். பார்சலைப் பிரிப்பதை லேபிள் தெரிய வீடியோ எடுங்கள். ரெய்டு அமைக்கும் (டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும்) முன் ஃபார்ம், அடுத்து டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் ஸ்மார்ட் நீள்சோதனை. 16 டிபிக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஓடும், ரிட்டர்ன் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள்.

கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஃபார்ம் வெளியீட்டைச் சீரியல் எண் வரும் பகுதியோடு முழுசாக அச்செடுத்து, பில்லுடன் இணையுங்கள்.