புல்தரைக்குப் பதில் கடற்கரைக் கோரை: எங்கள் பக்கத்து நர்சரி ஒன்றின் நடவுச் சேவை

300 சதுர அடிப் புல்தரைக்கு, 5 மில்லிமீட்டர் மழைக்கு ஈடாகத் தண்ணீர் விட்டாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 லிட்டர், அதாவது பத்துக் குடம் ஆகிவிடும். ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிவிட்ட, வடசென்னைக் கடலோரத்துக் கத்திவாக்கம், எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் அந்தப் பத்துக் குடத்தையும் லாரித் தண்ணீரிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியே வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அதைப் புல்லுக்கு ஊற்ற மனம் வராது. ஆகவே, கடற்கரை மணலில் தானாக வளரும் கோரை இனங்களை நாற்றாக வளர்த்து, வீட்டுக்கே வந்து நட்டுக் கொடுக்கும் நர்சரி ஒன்று அருகிலேயே இருப்பது தெரிந்ததும், வீட்டின் முன்புற மணல் தரையை அவர்களிடம் ஒப்படைத்தோம். “காசு குடுத்து யாராச்சும் கோரை நடுவாங்களா?” என்று எதிர்வீட்டு அம்மா கேட்டது நியாயமான கேள்விதான்.

அவர்களிடம் இருப்பவை இரண்டு இனங்கள். பிம்பிரிஸ்டைலிஸ் சைமோசா என்பது விறைப்பான குட்டை இலைகளைத் தரையோடு தரையாக வட்டமாக விரித்துத் தூர்தூராக நிற்பது. ஹவாய்த் தீவுகளின் கரையோரங்களிலும் இயல்பாக வளரும் இதை, அங்கே தோட்டங்களில் தரைமூடியாக நடுகிறார்கள். சைப்பரஸ் அரினேரியஸ் என்பதோ மணலுக்கடியில் கிடைத்தண்டை ஓடவிட்டு, வழிநெடுக முளைத்து, மணல் பறக்காமல் பிடித்து வைப்பது. முதலாவதை நடுவிலும், இரண்டாவதை மதிலோரத்திலும் நடச் சொன்னது அவர்களுடைய யோசனை. அது மிகச் சரியாக அமைந்துவிட்டது. நாற்றுகளைக் கடற்கரையிலிருந்து பெயர்த்து வருகிறார்களோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. தூர் பிரித்துப் பைகளில் வேர்விட வைத்திருந்ததை நேரில் காட்டினார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, புரட்டாசியில் நட்டார்கள். வேர் பிடிக்கும் வரை அன்றாடம் தண்ணீர் விட வேண்டியிருந்தது. அதன்பின் மழை பார்த்துக்கொண்டது. கத்திரி வெயிலின்போது வாரம் ஒருமுறை உப்பு கலந்த கிணற்றுத் தண்ணீரைத்தான் விட்டோம். இலை நுனிகள் பழுத்தன என்றாலும், தூரை விலக்கிப் பார்த்தபோது குருத்துகள் பச்சையாகவே இருந்தன.

குறை என்று சொல்ல வேண்டியது செம்மண்ணைத்தான். புல்தரைக்குப் போடும் வழக்கத்திலேயே இவர்கள் கோரைக்கும் செம்மண்ணும் எருவும் கலந்து மேலே பரப்பிவிட்டார்கள். அந்த மண்ணோடு வந்து சேர்ந்தது, உழவர்கள் எல்லாம் அஞ்சும் களைக்கோரை. இளம்பருவத்தில் இந்தக் களையையும் நட்ட கோரையையும் பிரித்தறிவது எளிதன்று. ஐயமுள்ள செடியைக் கையால் இழுக்காமல் கரண்டியால் தோண்டி எடுத்தால், நூல் போன்ற தண்டில் கோத்தாற்போலக் கருத்த சிறு கிழங்குகள் தெரியும். கிள்ளினால், முத்தக்காசு எனப்படும் கோரைக்கிழங்குக்குரிய அந்த மணம் வரும். ஒரு கிழங்கு மண்ணில் தங்கினாலும் அது மறுபடி முளைத்துவிடும் என்பதால், வெறுமனே பிடுங்கிப் பயனில்லை. புகார் சொன்னதும் ஆள் அனுப்பி, அந்தப் பகுதியை மண்ணோடு அள்ளிவிட்டு, புது நாற்றுகளைக் காசு வாங்காமல் நட்டுக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கலிபோர்னியாவில் காரெக்ஸ் பான்சா போன்ற கோரைகளைக் கொண்டு அமைக்கும், காற்றில் அலையலையாகச் சாயும் மெத்தைத் தரைகளைக் காணொளிகளில் பார்த்துவிட்டு இதைக் கேட்பவர்கள் ஏமாறுவார்கள். அவை குளிர்காலத்தில் மழை பெறும் நிலத்துக்கு உரியவை. இங்கே கிடைப்பது இடையிடையே மணல் தெரியும், வெறுங்காலுக்குச் சற்றே உறுத்தும் தரை. நடந்து போகலாம், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினால் தாங்காது. வேப்ப மர நிழலில் நட்டவை இன்னமும் சோர்ந்தே நிற்கின்றன. பழுப்புப் பூந்தலைகள் உயர்ந்து நிற்பது பிடிக்காதவர்கள் அவ்வப்போது கத்தரித்துக்கொள்ளலாம். எனக்கு அவை அழகாகவே தெரிகின்றன.

சதுர அடிக் கணக்கில் பார்த்தால், கொரியன் புல்லுக்கு எங்களிடம் சொல்லப்பட்ட விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆயிற்று. ஆனால் நாங்கள் கொடுத்த தொகையில் செம்மண், எரு, அவற்றை ஏற்றி இறக்கும் கூலி ஆகியனவும் அடங்கும். கடலோர மணல் தரை வைத்திருப்பவர்கள் அவை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி, நாற்றுக்கும் நடவுக்கும் மட்டும் விலை கேட்பது நல்லது.