பெயரைப் பார்த்துச் சேர்த்தால் லீக் கெடும்: ஓஓடிபியில் பழைய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால். ஆடுபவர்கள் வாயில் ஓஓடிபி. பேஸ்பால் பற்றிய கணினி விளையாட்டு; மட்டை சுழற்றும் விளையாட்டு அல்ல, அணியை நடத்தும் விளையாட்டு. 1871 முதல் அமெரிக்கப் பெரிய லீகுகளில் ஆடியவர்களின் எண்கள் இதற்குள் இருக்கின்றன. அடித்தளம், ஷான் லாமன் தொகுத்த தகவல்தொகுப்பின் வழி வந்தது. லீகில் எதையும் மாற்றவிடும் கமிஷனர் முறையை இயக்கிவிட்டால் யாரையும் எந்த லீகிலும் இறக்கலாம். 1909-இன் பேட்டர் டை காப் இன்றைய பந்தை எதிர்கொள்ளலாம். ஆசை இங்கேதான் தொடங்குகிறது, கோளாறும் இங்கேதான். பல நூறு சீசன்கள் ஓட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைச் சொல்வார்கள்: நீங்கள் சேர்ப்பது ஆளை அல்ல, அவருக்கும் அவர் காலத்து லீகுக்கும் இடையிலான விகிதத்தை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறு வராது.

1968-இல் பிட்சர் (பந்து வீசுபவர்) பாப் கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழுந்த ஓட்டங்கள் சராசரியாக ஒன்றுக்குச் சற்று மேல். 2000-இல் பெட்ரோ மார்டினெஸின் எண் 1.74. மேலோட்டமாகப் பார்த்தால் கிப்சன்தான் பெரியவர். ஆனால் 1968 பிட்சர்களின் ஆண்டு. பெரிய லீகுகள் இரண்டில் ஒன்றான அமெரிக்கன் லீகில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி .301 பேட்டிங் சராசரி (ஆயிரம் முயற்சிக்கு 301 ஹிட்) அடித்தே முதலிடம் பிடித்தார். நிலைமை முற்றியதால் மறு ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். கிப்சன் ஆடிய நேஷனல் லீகின் சராசரி அந்த ஆண்டு 3-ஐ ஒட்டி இருந்தது. பெட்ரோ ஆடிய அமெரிக்கன் லீகின் சராசரி 2000-இல் 5-ஐ ஒட்டி. விகிதத்தில் பெட்ரோ முந்துகிறார். விளையாட்டும் அப்படித்தான் கணக்கிடும். கிப்சனுக்கு மிஞ்சும் பலம் வேறு: 304 2/3 இன்னிங்ஸ், 34 தொடக்கங்களில் 28 முழு ஆட்டங்கள். பெட்ரோ வீசியது 217 இன்னிங்ஸ். ஸ்டாமினா ரேட்டிங்கில், அதாவது களைக்காமல் வீசும் திறனுக்கு விளையாட்டு தரும் மதிப்பில், இது தெரியும். ஆகவே ஐந்து பிட்சர் சுழற்சி உள்ள நவீன லீகுக்கு பெட்ரோ, நான்கு பேரை வைத்து ஓட்டும் பழைய பாணி லீகுக்கு கிப்சன்.

பிட்சரைத் தேர்ந்தெடுக்கும்போது ஈ.ஆர்.ஏ.வை மட்டும் நம்புவதில் இன்னொரு பொறியும் உண்டு. எஞ்சின் (விளையாட்டின் கணக்குப்பொறி) முதலில் பார்ப்பது ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), வாக் (நான்கு தவறான பந்தால் முதல் பேஸை இலவசமாகத் தருவது), விட்ட ஹோம் ரன் (நான்கு பேஸையும் சுற்றவைக்கும் அடி) இம்மூன்றையும். ‘ஸ்டஃப்’, ‘கன்ட்ரோல்’, ‘மூவ்மென்ட்’ என்று திரையில் வருபவை இவற்றின் பிள்ளைகள். 1976-இல் மார்க் ஃபிட்ரிச் 19 வெற்றி, 2.34 ஈ.ஆர்.ஏ. என்று நாட்டையே கலக்கினார்; ஆனால் 250 இன்னிங்ஸில் அவர் எடுத்த ஸ்ட்ரைக் அவுட் வெறும் 97. இறக்குமதி செய்ததும் ‘ஸ்டஃப்’ சுமாராகத்தான் வரும். பிழை என்று நினைத்து உயர்த்திவிடாதீர்கள். அவர் பந்தை அடிக்கவிட்டுப் பின்னால் நின்றவர்களை வைத்து அவுட் எடுத்தவர். நல்ல இன்ஃபீல்டைக் கொடுத்தால் பலன் தானே வரும்.

விகிதம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் கணக்கே உடைகிறது. பேப் ரூத் 1920-இல் 54 ஹோம் ரன் அடித்தார். அவருடைய அணியைத் தவிர அமெரிக்கன் லீகின் எந்த அணியும் மொத்தமாகச் சேர்ந்துகூட அவ்வளவு அடிக்கவில்லை. அந்த விகிதத்தை 6,776 ஹோம் ரன் பறந்த 2019-க்கு நேராகப் பெருக்கினால் ஒருவரே 200-ஐத் தாண்டிவிடுவார். ரேட்டிங்குக்கு உச்சவரம்பு இருப்பதால் அப்படி நடக்காது, ஆனால் அவர் பவர் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் ரூத்தை எடுக்கும்போது எந்த ஆண்டின் ரூத் என்பது முக்கியம். 1927-ஐ எடுத்தால் 60 ஹோம் ரன் கிடைக்கும், பிட்சிங் கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் 1918: 13 வெற்றி, 2.22 ஈ.ஆர்.ஏ., லீகின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட 11 ஹோம் ரன். 1919-இல் 29 ஹோம் ரன்னும் 9 வெற்றியும். இரட்டை வேடத்துக்கு இந்த இரண்டு ஆண்டுகளைத் தவிர வேறு நல்ல தேர்வு இல்லை.

ரூத்துக்கு முந்தைய, ஹோம் ரன் அரிதான ‘டெட் பால்’ காலத்தவர்கள்தான் உண்மையான தலைவலி. ஃபிராங்க் பேக்கர் 1913-இல் 12 ஹோம் ரன் அடித்து லீகில் முதலிடம். அதை அப்படியே இன்றைக்கு மாற்றினால் மூன்றாம் பேஸில் ஒரு ராட்சசன் நிற்பார். டை காப் 1909-இல் அடித்த 9 ஹோம் ரன்னும் மைதானத்துக்குள்ளேயே விழுந்தவை. ஓடியே நான்கு பேஸையும் சுற்றினார். எஞ்சினுக்கு அது தெரியாது, வேலியைத் தாண்டும் பலம் என்றே படிக்கும். இவர்களுக்கு ஒற்றை சீசனை எடுக்காமல் முழு வாழ்க்கைக் கணக்கை அடிப்படையாக வைத்துவிட்டு, பவரை எடிட்டரில் கொஞ்சம் இறக்கி, இறக்கியதை ‘கேப்’ (இரண்டு, மூன்று பேஸ் அடிகளுக்கான) ரேட்டிங்கில் ஏற்றுங்கள். காப்புக்கு டபுளும் டிரிபிளும் பெருகினால்தான் அது காப்.

1893-க்கு முந்தைய பிட்சர்கள் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்த ஆண்டுதான் பிட்சரின் தூரம் 60 அடி 6 அங்குலமானது. 1884-இல் ஓல்ட் ஹாஸ் ராட்போர்ன் வீசியது 678 2/3 இன்னிங்ஸ். நவீன லீகில் அந்த எண்ணுக்கு என்ன செய்வது?

ஒற்றை சீசனா, மூன்று ஆண்டுச் சராசரியா, முழு வாழ்க்கையா? அமைப்பில் இதைத் தேர்ந்தெடுக்கலாம், பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இடமும் இதுதான். நார்ம் கேஷ் 1960-இல் .286, 1961-இல் .361, 1962-இல் .243. ஒரே சீசன் எடுத்தால் பேட்டிங் சாம்பியன், மூன்றையும் சேர்த்தால் .300-க்குச் சற்றுக் கீழே. பிராடி ஆண்டர்சன் 1995-இல் 16 ஹோம் ரன், 1996-இல் 50, 1997-இல் 18. 1996-ஐ மட்டும் எடுத்துவிட்டு, வளர்ச்சியை எஞ்சின் கையில் விட்டால் அவர் பத்து ஆண்டுக்கு 40, 40 என்று அடித்துக்கொண்டே போவார். ஒவ்வொரு ஆண்டும் உண்மைக் கணக்கை வைத்து ரேட்டிங்கைப் புதுப்பிக்கும் முறையில் ஒற்றை சீசன் தவறல்ல, மறு ஆண்டே அவர் 18-க்கு இறங்கிவிடுவார். எஞ்சின் வளர்ச்சியைத் தேர்ந்தெடுத்தால் மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோதான் பாதுகாப்பு.

சிறு மாதிரி இன்னும் மோசம். 1998-இல் ஷேன் ஸ்பென்சர் 67 முயற்சிகளில் 10 ஹோம் ரன் அடித்தார். 600 முயற்சிக்கு விரித்தால் 90! வாழ்நாள் முழுக்க அவர் அடித்ததே 59. குறைந்த ஆட்டம் ஆடியவர்களின் ரேட்டிங்கைச் சராசரிப் பக்கம் இழுக்கும் அமைப்பை அணைக்காதீர்கள். கையால் செய்வதானால், அவர் கணக்கோடு ஒரு 200 முயற்சி அளவுக்கு லீக் சராசரியைக் கலந்து வரும் எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பதிவேடுகளின் ஓட்டைகளுக்கு வருவோம். நேஷனல் லீகில் 1926 முதல் 1950 வரை பேஸ் திருடும்போது (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடும்போது) பிடிபட்ட கணக்கு முறையாக இல்லை. ஜாக்கி ராபின்சன் 1947-இல் 29 திருடி லீகில் முதலிடம். எத்தனை முறை பிடிபட்டார் என்ற கட்டம் காலி. காலியைச் சுழி என்று படித்தால் அவர் ஒருமுறைகூடப் பிடிபடாத மாயாவி ஆகிவிடுவார். அதேபோல் அமெரிக்கன் லீகில் 1913-க்கு முன் பேட்டர்களின் ஸ்ட்ரைக் அவுட் கணக்கு வராது. நேஷனல் லீகில் 1897 முதல் 1909 வரை வராது. அந்தக் காலத்தவரைச் சேர்த்ததும் முதல் வேலையாக ‘ஸ்ட்ரைக் அவுட் தவிர்ப்பு’, ‘திருட்டுத் திறன்’ இரண்டையும் திறந்து பாருங்கள். உச்சத்தில் நின்றால், அதே ஆட்டக்காரரின் முழுக் கணக்கு உள்ள பிந்தைய ஆண்டுகளைப் பார்த்து இறக்குங்கள். காப்புக்கு 1913-க்குப் பிந்தைய ஆண்டுகள் நிறைய இருக்கின்றன. ராபின்சனுக்கு 1951 முதல் உண்டு.

தாமதமாகப் பெரிய லீகுக்கு வந்தவர்கள் இன்னொரு வகை. கறுப்பின ஆட்டக்காரர்களின் நீக்ரோ லீகுகளில் பல ஆண்டு வீசிய சாட்செல் பெய்ஜ் 1948-இல் கிளீவ்லாந்துக்கு வந்தபோது வயது 42. அந்தக் கணக்கை மட்டும் வைத்து இறக்கினால் 42 வயதுப் புதுமுகம் ஒருவர் வந்து இரண்டே சீசனில் ஓய்வு பெறுவார். இச்சிரோவும் அப்படியே: ஜப்பானில் ஆடிய ஆண்டுகள் விடுபட்டு, 27 வயதில் 2001-இல்தான் பிறக்கிறார். நீக்ரோ லீகுகளின் 1920 முதல் 1948 வரையான ஏழு லீகுகளை 2020 டிசம்பரில் எம்.எல்.பி. (பெரிய லீகுகளின் நிர்வாகம்) பெரிய லீகுகளாக ஏற்றது. 2024-இல் எண்கள் அதிகாரபூர்வப் பதிவில் இணைந்தன, ஜோஷ் கிப்சன் .372 என்று காப்பைத் தாண்டி வாழ்நாள் சராசரியில் முதலிடத்துக்கு வந்தார். உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு என்றால் அவர் உள்ளே இருக்கிறாரா, எந்த ஆண்டுகள் இருக்கின்றன என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தாலும் 1943-இன் .466-ஐ எடுக்காதீர்கள். அந்த லீகுகளின் சீசன்கள் குறுகியவை. பதிவில் ஏறாத கண்காட்சி ஆட்டங்கள் ஏராளம். வாழ்நாள் கணக்குதான் ஜோஷ் கிப்சனுக்கு நியாயம் செய்யும், கேட்சராக (பிட்சரின் பந்தைப் பிடிப்பவராக) வைத்தாலே அவர் லீகை ஆளுவார். பெய்ஜைப் பொறுத்தவரை வயதை 25 என்று மாற்றிவிட்டு ரேட்டிங்கைக் கையால் அமைப்பதுதான் வழி.

டெட் வில்லியம்ஸ் 1943 முதல் 1945 வரை போரில். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறையில் அந்த மூன்று ஆண்டும் அவர் காணாமல் போவார். வரலாற்றை அப்படியே ஓட்டுபவர்களுக்கு அது சரி. ‘போர் இல்லாதிருந்தால்’ என்று ஆட விரும்பினால் 1942-இன் .356, 36 ஹோம் ரன்னுக்கும் 1946-இன் .342, 38 ஹோம் ரன்னுக்கும் நடுவில் வைத்தால் போதும்.

மைதானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1914-இல் கேவி கிராவத் அடித்த 19 ஹோம் ரன்னும் பிலடெல்பியாவின் பேக்கர் பவுலில் விழுந்தவை; வலப்புற வேலி 280 அடிதான். 1995-இல் டான்டே பிஷெட்டின் 40-இல் 31 கூர்ஸ் ஃபீல்டில். மைதானக் காரணியைக் கழிக்காமல் இறக்கினால் இவர்கள் எங்கே போனாலும் சொந்த வீட்டை முதுகில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் கொலராடோக்காரர் என்றாலே சந்தேகப்படவும் கூடாது: லாரி வாக்கர் 1997-இல் அடித்த 49-இல் 29 வெளியூரில்.

இனி எண்ணிக்கை. எட்டு அணி, அணிக்கு 26 பேர் என்றால் 208. காயத்துக்கு அணிக்கு ஐந்து பேர் கூட்டினால் 248. ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்மன்றத்தின் பட்டியலை அப்படியே கொட்டிவிடலாம் என்று தோன்றும். கொட்டிப் பாருங்கள், ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசும் பிட்சர்) இல்லாமல் லீக் நொண்டும். முதன்மையாக ரிலீவராக ஆடி உள்ளே போனவர்கள் பத்துப் பேர்கூட இல்லை: வில்ஹெல்ம், ஃபிங்கர்ஸ், எக்கர்ஸ்லி, சட்டர், காசேஜ், ரிவேரா, ஹாஃப்மன், லீ ஸ்மித், பில்லி வாக்னர். உங்களுக்கு வேண்டியது அணிக்கு ஏழு, மொத்தம் 56. டான் குவிசன்பெரி, ஜான் ஃபிராங்கோ, கென்ட் டெகுல்வி போன்றவர்களைத் தேடிப் பிடிக்காவிட்டால் ஏ.ஐ. மேலாளர் எட்டாவது இன்னிங்ஸில் தொடக்க பிட்சர் வால்டர் ஜான்சனைக் கொண்டுவந்து நிறுத்துவார். கேட்சரும் தட்டுப்பாடுதான்: 16 பேர் வேண்டும், பெஞ்ச், பெர்ரா, கேம்பனெல்லாவுக்குப் பிறகு பட்டியல் சீக்கிரம் தேய்கிறது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. லீகின் மொத்த சராசரியை அமைப்பு நிலையாகப் பிடித்துவைக்கிறது. எல்லோரும் மேதை என்றால் யாரோ ஒருவர் .220 அடித்துத்தான் ஆகவேண்டும். .338 என்ற வாழ்நாள் சராசரி உள்ள டோனி க்வின் .280-இல் தள்ளாடுவதைப் பார்த்து எஞ்சினைத் திட்டுபவர்கள் அநேகம். 248 பேரில் 60 அல்லது 70 பெருந்தலைகள் போதும். மீதி இடத்துக்கு வேலைக்காரர்களை எடுங்கள்: .228 மட்டுமே அடித்து எட்டு கோல்ட் க்ளவ் (ஃபீல்டிங் விருது) வாங்கிய ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) மார்க் பெலாஞ்சர், மாற்று பேட்டராக இறங்கி 212 பின்ச் ஹிட் அடித்த லென்னி ஹாரிஸ், எங்கே நிறுத்தினாலும் நிற்கும் பென் ஸோப்ரிஸ்ட். இவர்கள் இருந்தால்தான் நட்சத்திரங்கள் நட்சத்திரமாகத் தெரிவார்கள்.

செய்முறை எளிது, வரிசைதான் முக்கியம். முதலில் லீக் கோப்புறையை நகல் எடுங்கள். பிறகு இறக்குமதி. தேடும்போது பெயரை நம்பாமல் அடையாளக் குறியைப் பாருங்கள்: குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்து, முதற்பெயரின் இரண்டு, கடைசியில் 01, 02 என்று எண். கென் கிரிஃபியில் 01 அப்பா, 02 மகன். 630 ஹோம் ரன்காரரை எதிர்பார்த்து அப்பாவை இறக்கிவிடுவது இந்த விளையாட்டின் பழைய பகிடி. அடுத்து வயது, கைப்பழக்கம், ஆடும் இடங்கள் சரிபார்ப்பு. மேலே சொன்ன கைத்திருத்தங்கள் முடிந்தபின்தான் லீக் மொத்தங்களைத் தானாகக் கணக்கிடும் பொத்தானை அழுத்தவேண்டும். முதலிலேயே அழுத்திவிட்டு ஆட்களைச் சேர்த்தால் எடைக்கல்லை வைத்த பிறகு தராசை மாற்றியதுபோல் ஆகும், மறுபடி அழுத்தவேண்டியதுதான்.

பிறகு சோதனை ஓட்டம். ஒரே சீசனை ஓட்டிப் பார்த்து ரேட்டிங்கைத் தொடாதீர்கள். .300 அடிக்கும் உண்மைத் திறன் உள்ளவர் 600 முயற்சிகளில் சும்மா அதிர்ஷ்டத்தால் மட்டுமே 19 புள்ளி மேலும் கீழும் போவார்; .281-உம் .319-உம் அதே ஆள்தான். 40 ஹோம் ரன்காரருக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆறு ஹோம் ரன். அதே நகலிலிருந்து பத்து முறை ஓட்டிச் சராசரி எடுத்தால் .300-இன் அலைச்சல் ஆறு புள்ளியாகச் சுருங்கும். அப்போதும் 20 புள்ளி விலகினால் ரேட்டிங்கில் கை வையுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ரேட்டிங்கில்.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் இந்தத் திருத்தமெல்லாம் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஹால் ரிச்மன் தொடங்கிய பகடை விளையாட்டு. ஒரு பகடையில் 1 முதல் 3 வந்தால் பேட்டரின் அட்டை, 4 முதல் 6 வந்தால் பிட்சரின் அட்டை, அவ்வளவுதான். ஒரு அட்டை, ஒரு சீசன். கேஷின் 1961 வேண்டுமென்றால் அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தால் போதும், மறு ஆண்டு என்ற ஒன்று அங்கே கிடையாது. ஒரு வாரக் கோப்பைக்கு அது வசதி. இருபது ஆண்டு ஓடும் லீகுக்கு ஓஓடிபிதான், கேஷ் எந்த வயதில் உள்ளே வருகிறார் என்பதை மட்டும் முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். 1961-இல் அவருக்கு வயது 26, அந்த வயதிலேயே இறக்கினால் அடுத்த ஏழெட்டு சீசன்கள் அவரிடமிருந்து நல்ல ஆட்டம் கிடைக்கும்.